பெட்டியில் சொன்ன பொய்

வளைவில் ரோடு அகலமாக இருந்த இடத்தில் லாரியை ஓரங்கட்டிய வீரமுத்து, கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப்போய்ப் பின்சக்கரத்துக்குக் கல்லும் வைத்தான். கெட்டுப்போகாத வண்டிக்கு இத்தனை உபசாரம். மறுபடி ஏறி உட்கார்ந்து வாக்கி டாக்கியைக் கையில் எடுத்தான்.

கரியாலூரிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி இறங்கும் இரண்டு லாரிகளும் கச்சிராயபாளையம் ஆதிமூலம் முதலாளியுடையவை. எதிரே பஸ் வந்தால் முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்குச் சொல்ல வேண்டும். மலையில் பாதி தூரம் டவர் இல்லாததால் ஆளுக்கொரு வாக்கி டாக்கிப் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தார். "ஊரே செல்லுல பேசுது, நீங்க இன்னாய்யா போலீஸ்காரனாட்டம் மைக்ல கத்திக்கினு கீறீங்க?" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். வீரமுத்துவுக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

இப்போது அந்தப் பெட்டியைப் பார்த்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற மலை சனங்களை அவன் கேபினில் ஏற்றிக்கொள்வான். முதலாளிக்கு அது ஆகாது. முன்னால் போகும் லாரியை ஓட்டும் கொளஞ்சியப்பனிடம் மட்டும் பெட்டியில் சொல்வான். இந்த மாதம் இரண்டு முறை, சொன்ன அன்று சாயங்காலமே முதலாளி கேட்டுவிட்டார். "மூணாவது தபா சாவிய வெச்சிட்டு வூட்டுக்குப் போய்க்கினே இரு" என்றார். பதினோரு வருஷமாக ஓட்டும் வண்டி. வீட்டில் கமலாவிடம்கூட இதை அவன் சொல்லவில்லை.

கொளஞ்சியின் வண்டிக்கு இரண்டு புது டயர் வந்தது. முதலாளியிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தவர் இவனைக் கண்டதும் நிறுத்தினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவர் பெட்டியில் இருமினால்கூட வீரமுத்துவுக்கு அதில் ஏதோ சேதி இருப்பதாகப் பட்டது. அவர்தான் இவனுக்குக் கியர் போடவே சொல்லிக்கொடுத்தவர் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இன்று தெரிந்துவிடும். பெட்டியில் ஒரு பொய். அது முதலாளி காதுக்குப் போனால், கொண்டுபோனவர் யாரென்று கேட்கவே வேண்டாம். இந்த வளைவிலிருந்து கீழே டவர் எடுக்கும், அதற்காகவே இந்த இடம்.

"அண்ணே, பிரேக்கு புடிக்கலண்ணே."

கரகரவென்று இரைந்தது பெட்டி. "வண்டி நின்னுச்சா?"

"நிக்குது. கல்லு வெச்சிருக்கேன்."

"நீ எறங்கி தள்ளி நில்லு. வரேன்."

ஐந்து நிமிஷம் ஆகவில்லை, செல் அடித்தது. முதலாளி.

"இன்னாய்யா வீரமுத்து, பிரேக்கு புடிக்கலியாமே?"

"யாருங்க சொன்னது?"

"யாரு சொன்னா இன்னா? மெக்கானிக்க அனுப்பிச்சிக்கீறேன்." வைத்துவிட்டார்.

மாட்டினாயா என்று வீரமுத்துவின் மனசு துள்ளியது. என்ன கேட்க வேண்டும், எந்த வார்த்தையில் கேட்க வேண்டும் என்று அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கொளஞ்சியப்பன் ரோடு வழியாக வரவில்லை. கீழே இரண்டு வளைவு தள்ளிப் பத்து டன் பாரத்தோடு தன் வண்டியை அப்படியே விட்டுவிட்டு, ஒற்றையடிப் பாதையில் முள்ளுக்குள் நேராக ஏறி வந்தார். தோளில் ஒரு கட்டை. ஒரு காலில் செருப்பு இல்லை. மூச்சு வாங்கியது.

"ஒனக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றார். "மொதலாளிக்கிப் போன் போட்டுட்டேன். மெக்கானிக்கு வரான்."

வீரமுத்து அடுக்கி வைத்த கேள்விகளுக்கு இனி வேலை இல்லை. போனைப் பற்றித் தானாகவே சொல்லிவிட்டாரே. பிரேக் பிடிக்கவில்லை என்றால் யாராக இருந்தாலும் முதலாளிக்குச் சொல்லத்தானே செய்வார்கள். அப்படியானால் அந்த இரண்டு முறை சொன்னது யார்? தெரியவில்லை. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியையும் அவனே கெடுத்துக்கொண்டான்.

அதற்குள் அவர் கட்டையைச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு வண்டிக்கடியில் நுழைந்திருந்தார்.

"மெதிச்சிப் பாரு!"

மிதித்தான். காற்று போய் அடைத்துப் பிரேக் கெட்டியாகப் பிடித்தது.

"வுட்டுட்டு இன்னொரு தபா மெதி."

புஸ்ஸென்று விட்டான். மறுபடி மிதித்தான். மறுபடியும் பிடித்தது.

பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று அவருக்கு இப்போது தெரிந்திருக்கும். வீரமுத்து பக்கக் கண்ணாடியில் பார்த்தான். வண்டிக்கு வெளியே நீட்டியிருந்த இரண்டு பாதங்கள் அசையவில்லை. வெறும் காலின் குதிகாலில் ரத்தமும் மண்ணும் அப்பியிருந்தன. அவர் வெளியே வரவில்லை. இவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.