லுயேனுக்கு நான்காவது குழி

கடலில் ஆடி ஆடி உடம்பு ஓய்ந்துவிட்டது, செத்த பிறகாவது ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கவேண்டும். மீனவன் லுயேன் சாகும்போது பெண்டாட்டியிடம் கேட்டது அது ஒன்றைத்தான். மியென் அவன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். பாவம், பெரிய நாடுகளைக் கேட்டுக்கொண்டா ஒருத்தி சத்தியம் செய்வாள்?

முதலில் ரஷ்யாக்காரனோடு சேர்ந்து அணு உலை கட்டப்போகிறோம் என்றார்கள். வின் சொய் கிராமமே காலியாகும், அதுவரை யாரும் வீட்டில் ஓர் ஓடுகூட மாற்றக்கூடாது, கல்லறைகளை மட்டும் இப்போதே குன்றடிக்குக் கொண்டுபோகலாம் என்று அறிவிப்பு. மற்றவர்கள் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தார்கள். மியென்தான் அவசரக் குடுக்கை. நல்ல இடம் போய்விடுமே என்று முதல் ஆளாய் மணல்மேட்டிலிருந்து புருஷனைத் தோண்டினாள். எலும்பை ஊர் வழக்கப்படி அரிசிச் சாராயத்தில் கழுவி, சுட்ட மண்பெட்டியில் அடுக்கி, குன்றடியில் புதைத்தாள்.

சில வருஷத்தில் உலை வேண்டாம் என்று தலைநகரில் முடிவாகிவிட்டது. ஓடு மாற்றக்கூடாது என்ற தடையை மட்டும் யாரும் நீக்கவில்லை. குன்றடியில் சீனத்துச் சூரியத் தகடுகள் வந்து இறங்கின. தகட்டுக்கு இடம் வேண்டுமே, லுயேன் பழையபடி மணல்மேட்டுக்கே, வேறொரு குழிக்கு வந்தான். இருந்தபோது பஸ் ஏறாத மனுஷன் செத்தபிறகு ஊர் சுற்றுகிறான் என்று அவள் கூலிவேலை பார்த்த திராட்சைத் தோட்டத்தில் சிரித்தார்கள்.

இப்போது உலை மறுபடி வருகிறதாம். அடுத்தவன் எண்ணெயையும் நிலக்கரியையும் நம்பிக் கிடந்தது போதும், மின்சாரத்தில் சொந்தக் காலில் நிற்கப்போகிறோம் என்று ஊர் ஒலிபெருக்கி காலை ஐந்து மணிக்கே கத்தத் தொடங்கியது. ஊர் நிர்வாகம் பார்க்கும் கம்யூன் அலுவலகத்துப் பையன் தாக், கல்லறையைப் புது இடுகாட்டுக்கு மாற்றும் படிவத்தோடு வந்தான்.

"இந்தத் தடவை உறுதி அத்தை. பேரை எழுதிக்கட்டுமா?"

"போன தடவை உங்கப்பன் வந்தான். அவனும் இதையேதான் சொன்னான். உறுதிங்கறது உங்க வீட்டுப் பரம்பரைச் சொத்தா?"

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழுக்காத கொத்தை வெட்டினாள், உலையில் அரிசி போட்டு அடுப்பை மூட்ட மறந்தாள். செய்தியில் எந்த நாட்டுக்காரன் எவன் கையைக் குலுக்குகிறான் என்று கண்கொட்டாமல் பார்த்தாள். அவனைத் தோண்டாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் ஒருநாள் இயந்திரம் வந்து மணலோடு மணலாக அவனை வாரிவிட்டால்? அதை நினைத்ததும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

எலும்பில் வெயில் படக்கூடாது என்பதால் விடியுமுன் தோண்டினார்கள். காலி செய்த குழியில் திரும்பப் படுக்கவைக்கக்கூடாது என்று அதை மூடி வாழைக்கன்றும் நட்டாயிற்று. லாரியில் கொழுந்தன் குவோய் பக்கத்தில் இருக்க, பெட்டியை அவளே மடியில் வைத்துக்கொண்டாள். புது இடுகாட்டில் குழி தயாராக இருந்தது. ஊதுபத்தி ஏற்றும்போது கூட வந்திருந்த தாக்குக்கு போன் வந்தது. பேசிவிட்டு அவன் காலணியைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னான்.

எந்த நாட்டோடு கூட்டு, எத்தனை உலை என்பதெல்லாம் மறுபடி பேச்சில் இருக்கிறதாம். எல்லைக்கோடு மாறலாம், இந்த இடுகாடும் மாறலாம், முடிவாகும்வரை புதைக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு.

மியென் கத்துவாள் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். அவள் பெட்டியோடு லாரியில் ஏறி, வீட்டுக்கு விடச் சொன்னாள்.

குவோய் வாசலில் குறுக்கே நின்றான். "வேணாம் அண்ணி. தோண்டின எலும்பு வாசப்படி தாண்டக்கூடாது. வீடு உருப்படாது."

"பதினாலு வருஷமா ஓடு மாத்த விடாம ஒழுகுற வீடு தம்பி. இதுக்கு மேல எங்க உருப்படாம போறது? நகரு."

அவன் நகர்ந்தான். அந்த வீட்டில் ஒழுகாத இடம் ஒன்றே ஒன்றுதான், அவள் கட்டில் கிடந்த மூலை. கட்டிலை இழுத்து ஒழுகலுக்கு அடியில் போட்டாள். உலர்ந்த மூலையில் பெட்டியை இறக்கி, துணியால் துடைத்து, குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"இங்கயே கிடங்க," என்றாள் புருஷனிடம். "இனி எந்த நாட்டுக்காரன் வந்தாலும் முதல்ல என்னைத்தான் தூக்கணும்."