நான்கு கட்டங்களும் ஒரு காலுறையும்

ஒசாகாவில் சலவை இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் வடிவமைப்பாளர். எங்கள் கம்பெனி இயந்திரத்தின் தொட்டிக்குள் அடியில் கிடக்கும் காலுறையை என்னால் எட்டி எடுக்க முடியாது. அவ்வளவு குட்டை நான், அவ்வளவு ஆழம் அது. ஒரு வடிவமைப்பாளருக்கு இதைவிடக் கேவலம் வேண்டுமா?

அதனால்தான் ஆழம் குறைந்த, அகலமான தொட்டியோடு புதிய இயந்திரம் ஒன்றை வடிவமைத்தேன். இரண்டு முறை கூட்டத்தில் வைத்தேன். இரண்டு முறையும் தடித்தடியாய் அறிக்கை. எல்லோரும் பக்கத்தைப் புரட்டித் தலையாட்டி, "நல்லா யோசிச்சுப் பாக்கறோம்" என்றார்கள். எங்களிடம் அதற்கு 'முடியாது' என்று பொருள். மூன்றாம் முறையும் தேறாவிட்டால் திட்டத்தை மூடிவிட்டு, என்னைக் கையேடு அச்சடிக்கும் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

முட்டுக்கட்டை போட்டவர் பொறியியல் பிரிவின் சகாகி. அவருடைய சோதனைக்கூடத்தில் என்னைப் போன்ற குட்டைக்காரிகளுக்கும் கை எட்டியதாம். அதைச் சொல்லிச் சொல்லியே என் வாயை அடைத்தார்.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பென்சிலை எடுத்தேன். செய்தித்தாள் மூலையில் வரும் நாலு கட்டச் சித்திரக்கதை, நாங்கள் எல்லோரும் அதைப் படித்து வளர்ந்தவர்கள்தான். முதல் கட்டத்தில் ஒரு குட்டைக்காரி துணி உலர்த்துகிறாள், ஒற்றைக் காலுறையைக் காணோம். இரண்டாவதில் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிறாள். மூன்றாவதில் தலைகீழாய் உள்ளே இறங்குகிறாள். நான்காவதில் வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிகின்றன. உள்ளேயிருந்து குரல்: "எடுத்துட்டேன்! இப்ப என்னை யாரு எடுக்கறது?" பக்கத்தில் புது இயந்திரத்துக்கு இன்னொரு நாலு கட்டம். அதில் அவள் சும்மா கையை விட்டு எடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கிறாள்.

கூட்டத்தில் ஆளுக்கொரு பிரதி கொடுத்து முடித்த பிறகுதான் பக்கத்தில் இருந்த என் தோழி கயோ காதைக் கடித்தாள். "அடிப்பாவி, டைரக்டரை மறந்துட்டியா?"

டைரக்டர் இனோகுமா என்னைவிட இரண்டு விரல் உயரம், அவ்வளவுதான். அலுவலகத்தில் யாரும் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. குழுப் படம் எடுத்தால்கூட எல்லோரும் உட்கார்ந்துதான் எடுத்துக்கொள்வோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அவர் குனிந்து படித்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. அவர் சிரிக்காமல் மற்றவர்கள் எப்படிச் சிரிப்பது? கணக்குப் பிரிவு ஹட்டோரி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

சகாகிக்கு இது போதாதா? மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்த்தே என்னைக் குத்தினார். "மொமோசே சான், இது வாஷிங் மெஷின் கம்பெனி. துணுக்குப் படம் போடற பத்திரிகை ஆபீஸ் இல்ல. படமும் தப்பு. மெஷினுக்கு அடியில என்ன இது, செங்கல்லா?"

"கால்கட்டை. அதுக்கு அடியில இருக்கறது தண்ணித் தட்டு."

"எங்க லேப்ல அப்படி எதுவும் இல்லயே?"

"லேப்ல இல்ல, சகாகி சான். வீட்ல இருக்கு. தண்ணி கசிஞ்சா கீழ்வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு தட்டு. தட்டுல சேர்ற தூசியைக் கூட்டணும்னு கட்டை. அதால மெஷினே உசந்துடும், கை எட்டாது. உங்க வீட்லயும் இருக்கும். குனிஞ்சு பாத்திருக்கீங்களா?"

வாய் தவறித்தான் போயிற்று. சகாகி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துவைப்பது அவர் மனைவி என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்போது டைரக்டர் பென்சிலைக் கேட்டு வாங்கினார். "மூணாவது கட்டம் தப்பு."

தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"யாரும்மா இப்படித் தலைகீழா இறங்குவாங்க? இடுக்கியால எடுப்பாங்க." என் கதாநாயகியின் கையில் நீளமாக ஓர் இடுக்கியை வரைந்தார். "இறைச்சி வாட்டற இடுக்கி. நான் அதுலதான் எடுக்கறேன்."

அவர் குடும்பம் வடக்கே செண்டாயில் இருந்தது. மாற்றலாகி வந்து தனியாக இருப்பவர். அவர் சட்டையை அவரேதான் துவைக்க வேண்டும். இது எங்கள் யாருக்கும் உறைக்கவே இல்லை.

"அதே இடுக்கியாலயா இறைச்சியும்...?" என்று கயோ கேட்டே விட்டாள்.

"கழுவிட்டுத்தான்!" என்றார் டைரக்டர், சிரித்துவிட்டார்.

அவ்வளவுதான், அறையே வெடித்தது. "நான் சமையல் குச்சியால எடுப்பேன்" என்றார் ஹட்டோரி. "ஹேங்கர்தான் சரி, கொக்கி இருக்குல்ல?" என்றது இன்னொரு குரல். "காலுறை நடுவுல கிடக்காது, ஓரமா ஒட்டிக்கிட்டிருக்கும். படத்த மாத்துங்க!" என்று ஒருவர் அடித்தே பேசினார். இரண்டு அறிக்கைகளுக்கு ஒரு சொல் மறுப்புச் சொல்லாதவர்கள், ஒரு காலுறை எந்த மூலையில் கிடக்கும் என்று சண்டை போட்டார்கள். நான் வாய் திறக்கவே தேவையில்லாமல் போயிற்று. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல!

"சகாகி சான், உங்க லேபுக்கும் தட்டும் கட்டையும் வாங்கிப் போட்டு மறுபடி அளந்து பாருங்க" என்றார் டைரக்டர்.

அளந்தார்கள். பழைய இயந்திரத்தில் கை அந்தரத்தில் தொங்கியது. சகாகியே என் மேசைக்கு வந்து குனிந்து வணங்கி, "எட்டலை. நேத்து எங்க வீட்லயும் குனிஞ்சு பாத்தேன். கட்டை இருக்கு" என்றார். அன்று முதல் புதுத் தொட்டிக்காக என்னைவிட அதிகமாகச் சண்டை போட்டவர் அவர்தான்.

இலையுதிர் காலத்தில் முதல் மாதிரி இயந்திரம் வந்தது. தட்டின்மேல், கட்டையின்மேல் நிறுத்தினோம். சகாகி தன் காலுறையையே கழற்றி நனைத்துத் தொட்டியின் அடியில் போட்டார். டைரக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நெருங்கினார். நுனிக்காலில் எழும்பவில்லை. கையை விட்டார், எடுத்தார், தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். சொட்டச் சொட்ட அந்தக் காலுறையைப் பார்த்து எல்லோரும் கை தட்டினோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கயோ படம் எடுக்கக் கேமராவை எடுத்தாள். வழக்கம்போல எல்லோரும் நாற்காலிகளை இழுத்தோம்.

"எதுக்கு நாற்காலி?" என்றார் டைரக்டர். "எல்லாரும் நில்லுங்க. மொமோசே சான், நீங்க இங்க, என் பக்கத்துல."