பறவைக்கென்று வைத்திருந்த பிலிம்

பதினோரு மாதம் அந்த ரஷ்யக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இந்த மலைக்காட்டில் அலைந்தேன். ஒரே ஒரு நாள் மாட்டவில்லை. அந்த ஒரு நாள்தான் அது வந்தது.

ராஜா மரங்கொத்தியைச் சொல்கிறேன். கியூபாவில் அழிந்தே போய்விட்டது என்று எல்லோரும் கைகழுவிய பறவை. ஹவானாவிலிருந்து வந்த கிரிசெல் என்ற ஆராய்ச்சிக்காரி மட்டும் இன்னும் இருக்கிறது என்றாள். காட்டுக் காவலாளியான என்னிடம் கேமராவையும் ஒரே ஒரு பிலிம் சுருளையும் கொடுத்தாள். வருடக் கடைசிக்குள் ஒரு படமாவது வேண்டும், இல்லையென்றால் மலையை நிக்கல் சுரங்கத்துக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றாள். சோப்பே கிடைக்காத காலம் அது. வேறு பிலிமுக்கு எங்கே போவது?

நவம்பரில் என் மகள் யுஸ்லெய்டிக்குப் பதினைந்து வயது ஆனது. பதினைந்தாம் பிறந்தநாள் படம் இல்லாத பெண்ணை எங்கள் ஊரில் வாழ்நாள் முழுக்கக் கேட்டே கொன்றுவிடுவார்கள். என் மனைவி மூன்று கவுன் இரவல் வாங்கியிருந்தாள். படம் எடுப்பவர் பிலிம் இல்லை என்று கைவிரித்துவிட்டார். மகள் எதுவும் கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய கேமராவை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். இத்தனை நாள் வராதது இன்றைக்கா வந்துவிடும் என்று நானே அதை எடுத்துப் படம் எடுப்பவரிடம் கொடுத்தேன். மடையன்.

அன்று காலை ஒன்பது மணிக்கு, நான் காவலுக்குப் போன காட்டில், இருபதடி தூரத்தில், ஒரு பைன் மரத்தில் உட்கார்ந்திருந்தது. சிவப்புக் கொண்டை, தந்த நிற அலகு, முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு. வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. பட்டையை உரித்து உரித்துக் கீழே போட்டது. என் கை நெஞ்சுக்குப் போய்ப் போய் வெறும் சட்டையைத் தடவியது. சத்தம் கேட்டால் பறந்துவிடுமே என்று காலரைக் கடித்துக்கொண்டு அழுதேன். பத்து நிமிடம் இருந்தது. பிறகு போய்விட்டது.

டிசம்பரில் கிரிசெல் வந்தாள். நான் பொறுக்கி வைத்திருந்த பட்டைத் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தாள். நேரில் கண்டதாகக் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு வருடம் அவகாசம் வாங்கிவிடலாம் என்று தாளை நீட்டினாள். கண்ட தேதி என்ன, படம் ஏன் இல்லை என்ற கேள்விகளும் அதில் இருந்தன. உள்ளதை எழுதினேன், கையெழுத்து மட்டும் பாக்கி. காபி கொண்டுவந்த யுஸ்லெய்டி அதைப் படித்துவிட்டாள். கோப்பையை மேசையில் வைத்தாள்.

"அப்பா, என் பிறந்தநாள் அன்னிக்கா அது வந்துச்சு? என்னாலதானா எல்லாம்?"

"அன்னிக்கு நான் அதைப் பாக்கலம்மா. பாத்தது சாதாரண மரங்கொத்தி. ஆசையில கண்ணு ஏமாத்திடுச்சு."

கிரிசெல் என் முகத்தையே பார்த்தாள். "எலியேசர், பொய் சொல்றீங்க."

இல்லை என்றேன். அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி பிறந்தநாள் ஆல்பத்தை எடுத்து நீட்டுகிறாள். முப்பத்தாறு படம். எல்லாமே அழகாகத்தான் இருக்கின்றன. என்னால் ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

பிப்ரவரியில் சுரங்கத்துக்காகப் பைன் மரங்களை வெட்ட ஆரம்பித்தார்கள். காவலுக்கு என்னைத்தான் நிறுத்தினார்கள். ரம்பம் ஓய்ந்த நேரத்தில், பொம்மை ஊதலை ஊதியதுபோல மேலேயிருந்து அதன் குரல் கேட்டது. இரண்டு முறை. வெட்டுகிறவன் நிமிர்ந்து பார்த்து அது என்ன பறவை என்று கேட்டான்.

சாதாரண மரங்கொத்தி என்றேன்.