சுகந்தா கேட்ட லீவு

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. இலக்கிய உந்துதல் என்றெல்லாம் புளுக மாட்டேன். துபாயில் உருதுப் படம் எடுக்கும் தாபிஷ் சாஹிபுக்கு நான் சப்டைட்டில் எழுதுகிறேன். புதுப் படம் ஒரு வீட்டு வேலைக்காரியின் கண்ணீரைப் பற்றியது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இங்கே ஓநாய் கேமராவும் வைத்திருக்கிறது. ஷூட்டிங் துபாயின் மிர்திஃப் பகுதியில், அவருடைய வில்லாவிலேயே.

2

முதல் தொடக்கம்: பாலை மணலில் சூரியன் மெல்ல—

(வேண்டாம். எல்லோரும் ஏசியில்தான் இருந்தோம்.)

இரண்டாவது: சுகந்தா தேநீர் கொண்டுவந்தாள்.

இது போதும். சுகந்தா யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரி, அந்த வில்லாவின் அசல் வேலைக்காரி. ஊரில் மகளுக்குப் பூப்பு நீராட்டு, அவர்கள் பேச்சில் சாமத்தியவீடு. தாய் வரட்டும் என்று இரண்டு முறை நாளைத் தள்ளிவிட்டார்கள். இனித் தள்ள முடியாதாம். அவள் லீவு கேட்டபோதெல்லாம், படம் முடியட்டும் என்றார் சாஹிப்.

3

படத்திலும் வேலைக்காரி லீவு கேட்கிறாள். வசனத்தில் நிலா, கூண்டு, சிறகொடிந்த புறா எல்லாம் உண்டு.* கதாநாயகிக்குத்தான் அழுகை வரவில்லை. சாஹிப் சுகந்தாவைக் கூப்பிட்டு, நீ எப்படிக் கேட்பாய் என்று இவளுக்குக் காட்டு என்றார். முதலாளியின் நாற்காலியில் அவரே உட்கார்ந்துகொண்டார்.

சுகந்தா தட்டைக் கீழே வைத்தாள். தெரிந்த உருதுவில் மகளின் பெயரைச் சொன்னாள், நாளைச் சொன்னாள், போய்வர விடுங்கள் என்றாள்.

யூனிட்டே கைதட்டியது. சாஹிப் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவாக, என்றார்.

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். பின்னால் போன என்னிடம் சொன்னாள்:

“நான் நடிக்கேல்லை அண்ணை. கேட்டனான்.”

(* இந்த மாதிரிப் படங்களில் பாத்திரம் துலக்குகிறவளுக்கும் கவிதைதான் வாயில் வரும்.)

4

முடிவு. சுகந்தாவை விமானத்தில் ஏற்றிவிடலாம். ஆனால் சாஹிபின் படமும் அப்படித்தான் முடிகிறது. வீட்டில் கொடுக்காத லீவைத் திரையில் கொடுத்துவிட்டு, விழா விழாவாகப் போய் மாலை வாங்குவார். நானும் காகிதத்தில் டிக்கெட் போட்டுக் கொடுத்தால் அந்த ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? போகவிடாமல் நிறுத்தினால்—

(நிறுத்தினால் நீங்கள் உச்சுக்கொட்டி, கதை நன்றாக வந்திருக்கிறது என்பீர்கள். அதுவும் கைதட்டல்தான். வெட்கமாக இருக்கிறது.)

சாமத்தியவீடு வருகிற வெள்ளிக்கிழமை. இரண்டாவது தடவைக்குக் கூப்பிடுகிறார்கள். சுகந்தா வந்து நிற்கிறாள். முதலாளி நாற்காலியிலிருந்து அந்த ஆளை எழுப்பிவிட்டேன். நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அவள் கேட்கப்போகிறாள்.