அப்சானா போட்ட கையெழுத்து

காகிதம் என்றாலே எனக்கு ஆகாது. மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்தால் பட்டதும் உண்டு. என் மகன் முனியராஜ் பட்டாசுக் கம்பெனி விபத்தில் செத்த மறுநாள், ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பை வாங்கத்தான் என்று சொல்லி கம்பெனி ஏஜென்ட் ஒருவன் வெற்றுத் தாளில் என் கையெழுத்தை வாங்கிப் போனான். விபத்துக்கு என் மகனுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று நானே எழுதிக் கொடுத்ததாக அந்தத் தாள் பிறகு வெளியே வந்தது. எங்கள் தெருவில் செத்தவர்கள் ஆறு பேர். ஆறு வீட்டுக்கும் இதே கதைதான்.

ஆகவே இரண்டு வருடம் கழித்து, 2005-இல், அப்சானா கையில் ஃபாரத்தோடு தெருவுக்குள் வந்தபோது முதலில் மறித்தவன் நான்தான். விருதுநகரில் மிளகாய் மண்டி வைத்திருக்கும் ஜெய்லானியின் மகள். மதுரையில் ஒரு கல்லூரியில் தற்காலிக வாத்தியார். இப்படி ஒரு விபத்துக்குப் பிறகு ஒரே தெருவில் இருக்கிற சனம் ஒருவரையொருவர் எப்படித் தாங்கிக்கொள்கிறது என்று எழுதி, வெளிநாட்டு ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறதாம். சமுதாய உளவியல் என்று அந்தப் படிப்புக்குப் பெயராம். பேசுகிறவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் பத்திரிகைக்காரர்கள் அதைக் கையால் தொடுவார்களாம்.

“கையெழுத்தா? அது மட்டும் இந்தத் தெருவுல நடக்காது. பொறப்படு தாயி” என்றேன்.

“கட்டாயம் இல்லய்யா. வேணாம்னா போயிருறேன்.”

“அப்பப் போக வேண்டியதுதான? எதுக்கு இன்னும் நிக்கிற?”

“அடுத்த பஸ் மூணு மணிக்குத்தான்யா.”

பக்கத்து வீட்டுச் சோலைமலை சிரித்துவிட்டான். “மாமா, பொம்பளப்பிள்ளைய வெயில்ல நிக்க வைக்காதீக. பஸ் வராததுக்கு அது என்ன செய்யும்?”

என் சம்சாரம் பாலம்மாள் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஃபாரம் இல்லாமலேயே ஏழெட்டுத் தடவை வந்தது. பெண்களோடு உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டப் பழகியது. அது உருட்டினதில் பாதியைப் பாலம்மாள் பிரித்து மறுபடி உருட்டுவாள்.

பிறகு ஒருநாள் நானே சொன்னேன். “நாங்க போடுறோம். ஆனா மொதல்ல நீ எங்களுக்கு ஒண்ணு போட்டுக் குடுக்கணும்.”

சிவகாசி அச்சாபீசில் நிறம் விலகிக் கழித்துப் போட்ட, கிளிப் படம் போட்ட பட்டாசு லேபிள் தாள் ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் முதுகில், அப்சானா எங்களுக்கு வாக்குக் கொடுப்பதாக, நான் சொல்லச் சொல்லச் சோலைமலை எழுதினான்: எழுதியதைத் தெருவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டாமல் அனுப்பமாட்டேன். யார் தன் பேச்சை எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுவேன். எடுத்ததை எந்தக் கொம்பன் கேட்டாலும் சேர்க்கமாட்டேன்.

மூன்று தடவை வாசித்துவிட்டு அப்சானா கையெழுத்துப் போட்டது. “எங்க ஃபாரத்தைவிட இது நல்லா இருக்குய்யா.”

“நக்கலா?”

“நெசமாத்தான்யா.”

ஆறு வீட்டிலும் பேசினார்கள். நான் கடைசி. ஆனைக்குட்டம் அணைக் கரையில் உட்கார்ந்து, இதுவரை யாரிடமும் சொல்லாததை அதனிடம் சொல்லிவிட்டேன். அன்று காலையில் முனியராஜுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. “இன்னைக்கு லீவு போடுறேன்பா” என்றான். “சீசன்ல படுத்துக்கிட்டா அடுத்த வருசம் எவன்லே ஒன்னையக் கூப்பிடுவான்?” என்று வைது, தூக்குச்சட்டியைக் கையில் திணித்து அனுப்பினவன் நான்தான். பாலம்மாள் அப்போது குழாயடியில் இருந்தாள். திரும்பி வந்து, “பிள்ள போயிட்டானா?” என்று கேட்டாள். “சிரிச்சிக்கிட்டே போறான்” என்று சொல்லிவைத்தேன். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் அவள் அந்த இரண்டு வருடமும் உயிரோடு இருந்தாள். வருகிறவர்கள் எல்லாரிடமும் அதைச் சொல்வாள். அப்சானாவிடமும் சொல்லியிருந்தாள்.

வாசிக்கிற நாள் வந்தபோதுதான் என் புத்தி எனக்கே விளங்கியது. தெருவைக் கூட்டி வாசிக்க வேண்டும் என்று சட்டம் போட்டவன் நான். வேப்பமரத்தடியில் பாய் விரித்து, முதல் வரிசையில் பாலம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். அப்சானாவைக் குழாயடிப் பக்கம் கூப்பிட்டேன்.

“அணைக்கரையில சொன்னேம்லா, அது வேணாம் தாயி.”

ஏன் என்று கேட்கவில்லை. பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து, என் கண் முன்னால் குறுக்கே கோடு போட்டு, கிழித்து என் கையில் கொடுத்தது. “கம்ப்யூட்டர்லயும் எடுத்துருறேன்யா. ஒருத்தர் தன் பேச்சை எடுத்துக்கிட்டார்னு மட்டும் எழுதிக்கிறட்டுமா? அத மறைச்சா தப்பாயிரும்.” எழுதிக்கொள் என்றேன். கட்டுரையை வாசித்தது. பாலம்மாள் மகன் சிரித்துக்கொண்டே போன இடம் வந்தது. என்னுடையது வரவில்லை.

இருந்தாலும் நான் நம்பவில்லை. இங்கே கிழித்தால் அங்கே இருக்காதா?

எட்டு மாதம் கழித்து ஒரு பங்குனி வெயிலில் அப்சானா மறுபடி வந்தது. சோலைமலை வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என்னைத் தேடி வேப்பமரத்தடிக்கு வந்தது. பத்திரிகையிலிருந்து கடிதமாம். கட்டுரையைச் சோதித்த இரண்டு பேரில் ஒருவர் நன்றாயிருக்கிறது என்கிறார். இன்னொருவர், அந்த மனிதர் எடுத்துக்கொண்ட பேச்சுதான் முக்கியம், பெயர் போடாமல் சேர்த்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் போட முடியாது என்கிறார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “பேரு போடாட்டி? ஆறு வீட்டுல எந்த வீடுன்னு பாலம்மாளுக்குத் தெரியாதா? இதுக்குத்தான் நைசா வந்தியா?”

“சேக்கவான்னு கேக்க வரலய்யா. கேட்டாங்கன்னு சொல்ல வந்தேன். ஒங்களப் பத்தி ஒரு லெட்டர் வந்து, அது ஒங்களுக்கே தெரியாம இருக்கக் கூடாதுல்ல?”

நிழலில் உட்காரச் சொல்லி, “சேக்காட்டி ஒனக்கு என்ன ஆகும்?” என்றேன்.

“வேற பத்திரிகைக்கு அனுப்பணும். ஒரு வருசமாவது ஆகும். இது வந்தா வேலையை நிரந்தரமாக்குவாக. அதுவும் தள்ளிப்போகும்.”

“ஒங்கப்பா என்ன சொன்னாரு?”

“கையெழுத்துப் போட்டா போட்டதுதான்னாரு.”

அந்த மண்டிக்காரரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். மூன்று மணி பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகிற சனம் பஸ்ஸில் அடைந்து கிடந்தது. ஒரு சீட்டுப் பிடித்துக் கொடுக்கத்தான் என்னால் முடிந்தது.

ஒரு வருடம் ஆகும் என்றது. இரண்டு வருடம் ஆனது. 2008-இல் வேறொரு பத்திரிகையில் கட்டுரை வந்தது. அப்சானா பிரதி கொண்டுவந்து, முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னது. நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒருத்தர் தன் பேச்சை எடுத்துக்கொண்டார் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

“எம் பேச்சு எங்கன இருக்கு?” என்று பாலம்மாள் கேட்டாள். அப்சானா விரலை வைத்துக் காட்டியது. முழுக்க இங்கிலீஷ். பிறகு இடம் தெரியாமல் போய்விடுமே என்று பாலம்மாள் அந்த வரியின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்தாள். யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவாள். “இங்கனதான் இருக்கு. எம்மவன் சிரிச்சிக்கிட்டே போனது.”

இந்தத் தை மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்த பிறகு அப்சானாவுக்குப் போன் போட்டேன்.

“இனி எழுதுறதுல அணைக்கரைப் பேச்சச் சேத்துக்கோ தாயி. கேக்க ஆள் இல்ல.”

அப்சானா சொன்னது, “நான் சேக்கமாட்டேன்யா. அம்மா சொன்னது அப்படியே இருக்கட்டும். ஒங்களுத நீங்களே எழுதுங்க. எம்புட்டு மெதுவா எழுதினாலும் சரி.”

இதை எழுத ஒன்றரை மாதம் ஆனது. எழுத்துப் பிழையைச் சோலைமலை திருத்தினான். கிளி லேபிள் தாளை டிரங்குப் பெட்டியில் அந்தப் பிரதிக்குள்தான் வைத்திருக்கிறேன், மஞ்சள் தொட்ட பக்கத்தில். அந்தப் பிள்ளைக்குப் போன மாதம் வேலை நிரந்தரமாகிவிட்டதாம்.