ஓலை வாசிக்கும் முன்

பிரிஜட்டைக் கேட்காமலேயே அவள் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை எட்மண்டுக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வேலை கிடைத்திருந்தது. அவளுடைய அம்மா அல்போன்சம்மாளைக் கூட்டிக்கொண்டு போய் அவன் பங்குச் சாமியாரையும் பார்த்துவிட்டான். நாளை ஞாயிறு பூசையில் முதல் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்பார்கள். நான்காவது வாரம் தாலி, மறுநாள் விமானம். இன்று மாலை அவள் போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. இத்தனையும் அவளுக்கு நேற்றுச் சோற்றுத் தட்டின் முன்னால்தான் தெரிந்தது.

ஆனாலும் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூரின் புக்கிட் தீமா மலைக்கு வந்துவிட்டாள். எண்பத்தேழு அக்டோபர். வெயில் நாட்கள் முடியப்போகின்றன. மழை பிடித்துக்கொண்டால் மலைப்பாதை செம்மண் குழம்பாகிவிடும். அதற்குள் எட்மண்டுக்கு ஒரு வழியனுப்பு ஓட்டம் என்று ஏற்பாடு செய்தவன் அஸ்மத். கியர் வைத்த மலை சைக்கிள்கள் ஊருக்கு வந்த நாளிலிருந்து மூவரும் ஒன்றாகத்தான் ஓட்டினார்கள்.

"என்ன கல்யாணப் பொண்ணு, மூஞ்சி கருகின பரோட்டா மாதிரி இருக்கு?" என்றான் அஸ்மத்.

"வாயை மூடிட்டு மிதி லா."

ஏற்றத்தில் அஸ்மத்தின் சங்கிலி கழன்றது. "நீங்க போங்க, வர்றேன்" என்றான். மற்ற இருவரும் கல் குவாரியின் விளிம்பில் போய் நின்றார்கள். கீழே பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"ஏன் என்னைக் கேக்கல?" என்றாள்.

"நாலு வருஷமா ஒண்ணாத்தானே சுத்துறோம், கேக்க என்ன இருக்கு? அம்மா சரின்னாங்க."

"அம்மாவையா கட்டிக்கப்போற?"

எட்மண்ட் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

அவளுடைய அப்பா ஜூரோங் கப்பல் பட்டறையில் கப்பல் அடியின் துருவைச் சுரண்டியே முதுகு கூனிப்போனவர். அவள்தான் அந்த வம்சத்தில் முதல் பட்டதாரி. அதே ஜூரோங்கில், பெயிண்ட் தொழிற்சாலையில், அவள் பரிசோதித்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு டின் வெளியே போகாது. அங்கே அவளைக் கேட்கிறார்கள்.

"அங்கேயும் பெயிண்ட் கம்பெனி இருக்கு, பிரிஜட்."

"அதுக்கும் நீயே எழுதிப் போட்டுட்டியா?"

அவன் தரையைப் பார்த்தான். "ஒரே ஒரு லெட்டர்தான் போட்டேன்."

அவள் சைக்கிளைத் திருப்பப் போனாள். எட்மண்ட் சைக்கிளைப் புல்லில் சாய்த்தான்.

"சரி. இப்பக் கேக்குறேன். வர்றியா?"

போன மாதம் இதே வார்த்தையைக் கேட்டிருந்தால் சரி என்றிருப்பாள். அது அவளுக்கே தெரிந்ததுதான் பெரிய எரிச்சல்.

"நான் வரலன்னா நீ இங்க இருப்பியா?"

"இல்ல" என்றான்.

பொய் சொல்லத் தெரியாதவன். அதனால்தான் அவனைப் பிடித்துப்போயிருந்தது.

"நானும் வரல."

அஸ்மத் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். ஏதோ கேலி பேச வாயெடுத்தவன், இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டுப் பையிலிருந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களை எடுத்து ஆளுக்கொன்று கையில் வைத்தான். மூவரும் விளிம்பிலேயே உட்கார்ந்து தின்றார்கள். இறங்கும்போது எட்மண்ட் எல்லா வளைவிலும் பிரேக் பிடித்து மெதுவாகவே ஓட்டினான். யாரும் அவனை முந்தவில்லை.

மாலையில் இருவரும் அதே சைக்கிள்களில் கோயிலுக்குப் போனார்கள். வாசலில் எட்மண்ட், "நானே சாமிகிட்ட சொல்லிடறேன். தப்பு என்னோடது" என்றான்.

"வேணாம். இதையாவது நான் பேசுறேன்."

அவளுடைய சைக்கிளையும் வாங்கிப் பிடித்துக்கொண்டு அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

சாமியார் பேனாவைத் திறந்து நீட்டினார். "வாம்மா, இங்க போடு."

"ஓலை வாசிக்க வேணாம் சாமி. நான் சம்மதம் சொல்லல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பையனுக்குத் தெரியுமா?"

"தெரியும். வெளியதான் நிக்கிறான்" என்றாள். அதுவரை உறுதியாக இருந்த குரல் அங்கே உடைந்தது.