மூன்றாவது முகாம்

பக்கவாதத்தில் இவருக்கு வலது கை விழுந்த பிறகு பகடை உருட்டுவது என் வேலையாகிவிட்டது. சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். தனியாளாக ஆடுகிற போர் விளையாட்டு. நம் படையை நாம் நகர்த்த வேண்டும், எதிரி என்ன செய்வான் என்பதைச் சீட்டுக்கட்டு சொல்லும். இவர் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்த அதே எல்லைப் போர், அதே ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது முகாம். என் கொழுந்தன் செத்தது அங்கேதான். அந்த முகாமின் நீல அட்டையை மட்டும் இவர் இதை ஆடுகிற பதினோரு வருஷத்தில் ஒருநாளும் நகர்த்தியதில்லை. நாலு சீட்டு திரும்பினால் எதிரி வந்து சூழ்ந்துவிடுவான்.

கொழுந்தன் மனைவி, என் ஓரகத்தி, எங்களோடுதான் இருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே சொல்வாள்: "பெரியத்தான் இன்னும் போரை முடிக்கலையாக்கா? ரெண்டு நாடும் கையெழுத்துப் போட்டு முப்பது வருஷம் ஆச்சு."

இன்றைக்கு அவள் மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். அஞ்சோ ஆறோ விழுந்தால் எந்த முகாமும் பின்வாங்கலாமாம். மூன்றாவதுக்கும் உருட்டினேன். ஆறு. அட்டையை ஆற்றுக்கு இந்தப் பக்கம் வைத்தேன்.

"எடுத்த இடத்துல வை."

"ஆறு விழுந்திருக்குங்க."

"அதுக்குப் போடக் கூடாது."

"ஏன் கூடாது?"

வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. "திரும்பி வரச் சொல்லி உத்தரவு வந்துச்சு. மூணாவதுக்கு. நான் நம்பரைத் தப்பாப் படிச்சு ரெண்டாவதுக்கு அனுப்பிட்டேன்."

இரண்டாவது முகாமிலிருந்து ஒரு கீறலில்லாமல் வந்தவர்கள் இன்றைக்கும் பழத்தோடு வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். ஓரகத்திதான் அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பாள்.

திரும்பினேன். வாசற்படியில் துணிக் கூடையோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

கூடையைக் கீழே வைத்தாள். இவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இவரைப் பார்க்கவில்லை.

"ஆத்தைத் தாண்டிட்டா அப்புறம் எந்தப் பக்கம் வருவாங்க?"

இவர் இடது கை ஒரு சாலையைக் காட்டியது. அவள் நீல அட்டையின் மேல் ஒற்றை விரலை வைத்துத் தள்ளினாள். ஒவ்வொரு கட்டமாக, அவசரமில்லாமல். கட்டங்கள் தீர்ந்தன. வரைபடத்தின் ஓரம் தாண்டி, வெறும் மரப்பலகையில், அட்டை இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.